டிஜிட்டல் வழியில் மொழி கற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப், யூடியூப், பாட்காஸ்ட், வீடியோ அழைப்பு, இப்போது செயற்கை நுண்ணறிவு என்று மொழி கற்க வழிகள் பெருகிவிட்டன. எதை எதற்குப் பயன்படுத்துவது, எவ்வளவு நம்புவது என்பதில்தான் குழப்பம். வகுப்பறைக்கு வெளியே, சொந்த முயற்சியில் ஒரு மொழியைக் கற்கிறவர்களை மனதில் வைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

போனை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மொழியைக் கற்றுவிட முடியுமா?

முடியும். ஆனால் போனில் இருக்கும் ஒரே ஒரு ஆப்பை வைத்து முடியாது. படிப்பது, கேட்பது, பேசுவது, எழுதுவது நான்கும் தனித்தனித் திறமைகள். ஒன்றில் செய்த பயிற்சி மற்றதற்கு ஓரளவு உதவும், அதன் இடத்தை நிரப்பாது. படித்தால் எல்லாம் புரிகிறது, எதிரில் ஒருவர் பேசினால் ஒன்றும் புரியவில்லை என்று பலர் சொல்வது இதனால்தான்.

எந்த ஆப்பை, எந்த வீடியோவை எடுத்தாலும் ஒன்றை யோசித்துப் பாருங்கள்: இது என்னிடமிருந்து என்ன கேட்கிறது? சும்மா பார்க்கச் சொல்கிறதா? நான்கு விடைகளில் ஒன்றைத் தொடச் சொல்கிறதா? நானாக ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருக்கிறதா? நான் சொன்னதற்கு யாராவது பதில் சொல்கிறார்களா? இந்த வரிசையில் போகப் போகக் கஷ்டமும் கூடும், பலனும் கூடும். என்னைப் பொறுத்தவரை ஒரு கருவியை எடைபோட இதைவிட நல்ல வழி இல்லை.

எத்தனை மாதத்தில் பேச வரும்?

மாதக் கணக்கை விட்டுவிட்டு மணிக் கணக்கைப் பாருங்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரக அதிகாரிகளுக்குப் பல பத்தாண்டுகளாக மொழிகள் கற்பித்து வருகிறது. அவர்களின் அனுபவக் கணக்குப்படி, ஆங்கிலம் பேசுகிறவர் ஒருவர் வேலைக்குப் போதுமான அளவு ஸ்பானிஷ் கற்க 600 முதல் 750 மணி நேர வகுப்பு தேவை. ஜப்பானியம், மாண்டரின், அரபு என்றால் 2,200 மணி நேரம். தமிழுக்கு 1,100 மணி நேரம். இது ஆசிரியரோடு உட்காரும் நேரம் மட்டும். வீட்டில் படிப்பது தனி.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தாது. மலையாளமோ கன்னடமோ நமக்கு மிகக் குறைந்த நேரத்தில் வரும். ஜப்பானிய மொழியில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருவதும், பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் ஒட்டுகள் சேர்வதும் நமக்குப் பழகிய அமைப்பு. அதன் எழுத்துகள்தான் எல்லோரையும் போல நம்மையும் வாட்டும்.

எப்படியும் அளவு புரிந்திருக்கும். தினமும் 15 நிமிடம் என்றால் வருடத்துக்குச் சுமார் 91 மணி நேரம். மூன்று மாதத்தில் சரளமாகப் பேசலாம் என்று யாராவது விளம்பரம் செய்தால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஆப்பில் ஒரு நாள்கூட விடாமல் படிக்கிறேன். ஆனாலும் பேச வாய் வரவில்லையே, ஏன்?

பெரும்பாலான ஆப்களில் நீங்கள் செய்வது அடையாளம் காண்பது. சொற்கள் திரையில் இருக்கும், சரியானதைத் தொட்டால் போதும், அல்லது சிதறிக் கிடப்பதை வரிசைப்படுத்தினால் போதும். பேசும்போது திரையில் எதுவும் இருக்காது. சொல்லை நினைவிலிருந்து இழுத்து எடுக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலை.

இதை அழகாகக் காட்டிய ஒரு சோதனை உண்டு. ஜெஃப்ரி கார்பிக்கி, ஹென்றி ரோடிகர் என்ற உளவியலாளர்கள் 2008-இல் வெளியிட்டது. கல்லூரி மாணவர்களுக்கு 40 சுவாஹிலிச் சொற்களையும் அவற்றின் பொருளையும் கொடுத்தார்கள். ஒரு சொல்லை ஒருமுறை சரியாகச் சொன்ன பிறகும் சிலரிடம் அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். வேறு சிலர் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் படிக்க மட்டும் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து முதல் வகையினருக்குச் சுமார் 80 சதவீதம் நினைவிருந்தது. படிக்க மட்டும் செய்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு அளவுதான். எவ்வளவு நினைவிருக்கும் என்று மாணவர்களையே முன்கூட்டி ஊகிக்கச் சொன்னபோது எல்லாக் குழுக்களும் ஏறக்குறைய ஒரே அளவைச் சொன்னார்கள். அதாவது எந்த முறை நமக்கு வேலை செய்கிறது என்பதை உள்ளுணர்வு சரியாகச் சொல்வதில்லை.

மொழி ஆய்விலும் இதே சங்கதி வேறு பக்கத்திலிருந்து வந்தது. கனடாவில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் பள்ளிப் பாடங்களையே பிரெஞ்சில் படிக்கும் வகுப்புகள் உண்டு. வருடக்கணக்காகப் பிரெஞ்சைக் கேட்டு வளர்ந்த அந்தப் பிள்ளைகள் கேட்பதில் கெட்டிக்காரர்களாக இருந்தும், பேச்சிலும் எழுத்திலும் இலக்கணம் தடுமாறியது. மொழி ஆய்வாளர் மெரில் ஸ்வெய்ன் 1985-இல் இதைச் சுட்டிக்காட்டி, கேட்பது மட்டும் போதாது, தானாகச் சொல்ல முயலும்போதுதான் தனக்கு எது தெரியவில்லை என்பதே தெரியவருகிறது என்று வாதிட்டார்.

அதனால் ஆப்பைத் தூக்கி எறிய வேண்டாம். விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு, முதலில் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அப்புறம் தொடுங்கள். பாடம் முடிந்ததும் ஒரு நிமிடம் அன்று படித்ததைப் பற்றிப் போனில் பேசிப் பதிவு செய்யுங்கள். தட்டுத்தடுமாறித்தான் வரும். அந்தத் தடுமாற்றம்தான் பயிற்சி.

ஸ்ட்ரீக், அதாவது எத்தனை நாள் விடாமல் படித்தீர்கள் என்று ஆப் காட்டும் எண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தை. தினமும் ஆப்பைத் திறக்க வைக்கிறது என்ற அளவில் அது நல்லது. ஆனால் நள்ளிரவு நெருங்கும்போது அவசரமாகச் செய்த பழைய பாடத்தையும், மூளையைக் கசக்கிய புதுப் பாடத்தையும் அது ஒன்றாகவே எண்ணுகிறது. அந்த எண்ணை முன்னேற்றத்தின் அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

படித்த சொற்கள் மறந்துகொண்டே இருக்கின்றன. என்ன செய்வது?

மறப்பது இயல்பு. ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எப்பிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன் மறதியைத் தானே அளந்து 1885-இல் வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்தில் மிக வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும் என்று அவர் கண்டார். சரியான இடைவெளியில் திரும்ப நினைவுபடுத்தினால் ஒவ்வொரு முறையும் அந்த நினைவு இன்னும் நீண்ட காலம் நிற்கும்.

இந்த இடைவெளியைக் கணக்கிடுவதுதான் சிரமம். 1972-இல் செபாஸ்டியன் லைட்னர் ஒரு அட்டைப் பெட்டி முறையைச் சொன்னார்: தெரிந்த சொல்லின் அட்டை அடுத்த அறைக்குப் போகும், மறந்தது முதல் அறைக்குத் திரும்பும், பின் அறைகளை அரிதாகத் திறந்தால் போதும். போலந்தைச் சேர்ந்த பியோட்டர் வோஸ்னியாக் 1987-இல் அந்தக் கணக்கைக் கணினியிடம் கொடுத்தார், அதுதான் சூப்பர்மெமோ. 2006-இல் வந்த அன்கி அந்த வழியில் பிறந்த இலவச மென்பொருள். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் காசில்லாமல் கிடைக்கிறது.

மொழி கற்பதில் கணினி மனிதரைவிடச் சந்தேகமில்லாமல் நன்றாகச் செய்யும் வேலை இது. ஆயிரக்கணக்கான சொற்களில் எதை நாளைக்குக் கேட்க வேண்டும், எதை இரண்டு மாதம் கழித்துக் கேட்க வேண்டும் என்று எந்த ஆசிரியராலும் நினைவில் வைக்க முடியாது.

பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியவை சில. யாரோ செய்து வைத்த 5,000 சொல் தொகுப்பை இறக்கிக்கொள்வதைவிட, நீங்கள் கேட்ட, படித்த வாக்கியங்களிலிருந்து நீங்களே அட்டை செய்யுங்கள். தனிச்சொல்லாக இல்லாமல் முழு வாக்கியமாக வையுங்கள். ஒலியையும் சேருங்கள்; சொற்களை அந்தந்த மொழிக்காரர்கள் உச்சரித்துப் பதிந்திருக்கும் ஃபோர்வோ போன்ற தளங்கள் இதற்கு உதவும். ஒரு நாளைக்குப் புதிதாகப் பத்துக்கு மேல் போக வேண்டாம். இன்று சேர்க்கும் ஒவ்வொரு அட்டையும் பின்னால் பலமுறை உங்கள் நேரத்தைக் கேட்கும். ஆர்வத்தில் 50, 50-ஆகச் சேர்த்தவர்கள் ஒரு மாதத்தில் மலைபோல் குவிந்த பாக்கியைப் பார்த்துவிட்டு மொத்தமாக விட்டுவிடுகிறார்கள்.

படம், தொடர் பார்க்கும்போது சப்டைட்டில் எந்த மொழியில் இருக்க வேண்டும்?

காதைப் பழக்குவதுதான் நோக்கம் என்றால், கற்கும் மொழியிலேயே இருக்கட்டும். ஹோல்கர் மிட்டரர், ஜேம்ஸ் மெக்குவீன் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், டச்சு பேசுகிறவர்கள் தங்களுக்குப் பழக்கமில்லாத ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய உச்சரிப்பில் ஆங்கிலக் காட்சிகளைப் பார்த்தார்கள். ஆங்கிலச் சப்டைட்டிலோடு பார்த்தவர்களுக்கு, அதற்கு முன் கேட்காத வாக்கியங்களைக்கூட அந்த உச்சரிப்பில் பிடிப்பது எளிதானது. டச்சு சப்டைட்டிலோ புதிய வாக்கியங்களில் தடையாகவே இருந்தது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். கேட்கும் ஒலியும் படிக்கும் எழுத்தும் ஒன்றாக இருக்கும்போது, "ஓ, இந்தச் சொல்லைத்தான் இப்படி விழுங்கிச் சொல்கிறார்களா!" என்று காது கற்கிறது. தாய்மொழியில் எழுத்து ஓடினால் கதையைப் படித்துவிடுகிறோம், காதுக்கு வேலை இல்லாமல் போகிறது.

ஆரம்ப நிலையில் கற்கும் மொழி எழுத்தும் புரியாதே என்றால், வேறு வழி இருக்கிறது. ஐந்து நிமிடக் காட்சி ஒன்றை எடுங்கள். முதலில் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுத்தை வைத்துக் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்து அந்த மொழியிலேயே எழுத்தை வைத்து, புரியாத இடத்தில் நிறுத்திப் பாருங்கள். கடைசியில் எழுத்தே இல்லாமல் பாருங்கள். இரண்டு மணி நேரப் படத்தை ஒருமுறை பார்ப்பதைவிட இந்த ஐந்து நிமிடம் அதிகம் தரும். ஒன்று மட்டும்: தானாக உருவாகும் சப்டைட்டில் பெயர்களிலும் வேகமான பேச்சிலும் பிசகும். பேச்சுக்கும் எழுத்துக்கும் பொருந்தவில்லை என்றால் உங்கள் காதைச் சந்தேகிக்க அவசரப்பட வேண்டாம்.

புரியாவிட்டாலும் கேட்டுக்கொண்டே இருந்தால் ஒருநாள் புரிந்துவிடும் என்கிறார்களே?

தாளம் பழகும், பொருள் பழகாது. ஒரு கதையை உதவியில்லாமல் வசதியாகப் படிக்க அதில் 98 சதவீதச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது பால் நேஷன் போன்ற ஆய்வாளர்கள் சொல்லும் அளவு. 98 என்றாலே ஐம்பது சொல்லுக்கு ஒன்று தெரியாது. ஆங்கில நாவல்களுக்கு அந்த நிலையை எட்ட 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லையும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களையும் ஒன்றாக எண்ணுவது) வேண்டும் என்றும் 2006-இல் அவர் கணக்கிட்டார்.

அதனால்தான் எளிமையாக்கிய செய்திகளை நான் பெரிதாக மதிக்கிறேன். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி 1959-லேயே சுமார் 1,500 சொற்களுக்குள், மெதுவான வேகத்தில் ஆங்கிலச் செய்தி வாசிக்க ஆரம்பித்தது. இன்று ஜப்பானின் என்எச்கே எளிய ஜப்பானியத்தில் செய்தி தருகிறது. பிரெஞ்சுக்கு ஆர்எஃப்ஐ, ஜெர்மனுக்கு டாய்ச்ச வெல்லே, ஆங்கிலத்துக்குப் பிபிசி என்று பொது ஒலிபரப்பு நிறுவனங்கள் கற்பவர்களுக்காகவே ஆடியோவும் எழுத்தும் சேர்த்து இலவசமாகத் தருகின்றன. விளையாட்டோ மின்னும் படங்களோ இல்லாததால் இவை பலர் கண்ணில் படுவதில்லை. நல்ல ஆசிரியர்கள் உட்கார்ந்து தயாரித்த பாடங்கள் இவை.

தூங்கும்போது காதில் ஓடவிடுவது பற்றியும் கேட்கிறார்கள். தூங்குங்கள், அதுவே நினைவுக்கு நல்லது.

சில ஒலிகள் எனக்குப் பிரிந்தே கேட்பதில்லை. இதற்கு ஆப் உதவுமா?

உதவும், அதுவும் நன்றாக. "பல்" என்பதிலும் "கம்பு" என்பதிலும் ப-வின் ஒலி வேறு. ஆனால் எந்த இடத்தில் எது வரும் என்பது தமிழில் பெரும்பாலும் தானாக அமைந்துவிடுவதால், அந்த வேறுபாட்டைத் தனியாகக் கவனிக்கும் தேவை நம் காதுக்கு வந்ததில்லை. அந்த இரண்டையும் வேறு எழுத்தாக, வேறு பொருளாகக் கருதும் மொழிக்குப் போகும்போதுதான் சிக்கல்.

ஜப்பானியர்களுக்கு ஆங்கிலத்தின் ர, ல வேறுபாடு இப்படித்தான். டேவிட் பிசோனியும் அவருடைய சகாக்களும் 1990களின் தொடக்கத்தில் செய்த சோதனைகளில், பல பேருடைய குரலில், பல சொற்களில் அந்த ஒலிகளைக் கேட்டு, எது என்று சொல்லி, சரியா தவறா என்று உடனே தெரிந்துகொண்டே பழகியவர்கள் புதிய குரல்களிலும் பிரித்துக் கேட்கக் கற்றார்கள். ஒரே ஒருவர் குரலில் பழகியவர்களுக்கு அது புதிய குரல்களுக்குப் பரவவில்லை. பின்னர் 1997-இல் வெளியான ஆய்வில், காதுப் பயிற்சி மட்டும் செய்தவர்களின் உச்சரிப்பும் மேம்பட்டது தெரிந்தது.

பல குரல்கள் என்பதை வகுப்பில் ஒரே ஒரு ஆசிரியரால் தர முடியாது. இணையத்தால் முடியும். ஒரே யூடியூபரை மட்டும் பின்தொடராமல் ஆண், பெண், கிழவர், சிறுவர், வேறு வேறு ஊர்க்காரர்கள் என்று தேடிக் கேளுங்கள்.

சின்னக் குழந்தைக்கு வீடியோ காட்டி இரண்டாவது மொழி பழக்கலாமா?

வேண்டாம். பேட்ரிசியா கூல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளிடம் மாண்டரின் பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து, 12 முறை புத்தகம் படித்து விளையாடினார்கள். அந்தக் குழந்தைகள் மாண்டரின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே ஆட்கள், அதே பேச்சு, அதே அளவு நேரம், ஆனால் தொலைக்காட்சித் திரையில் என்றபோது குழந்தைகள் எதையும் கற்கவில்லை.

குற்றம் திரையின் மேல் மட்டும் இல்லை. 2014-இல் வெளியான இன்னொரு ஆய்வில், இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைகள் நேரடி வீடியோ அழைப்பில் புதிய சொற்களைக் கற்றார்கள். பதிவு செய்த வீடியோவில் கற்கவில்லை. குழந்தை செய்வதைப் பார்த்துப் பதில் சொல்ல எதிரில் ஒருவர் இருந்ததுதான் வித்தியாசம். ஆகவே தூரத்தில் இருக்கும் பாட்டியோடு அவர் மொழியில் வீடியோ அழைப்பு என்றால் தாராளமாகச் செய்யுங்கள். பாட்டு வீடியோவை ஓடவிட்டுப் போவது வேறு. இரண்டு வயது ஆகும்வரை திரை வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் சொன்னது.

செயற்கை நுண்ணறிவோடு பேசிப் பழகலாமா?

பழகலாம். கூச்சப்படுகிறவர்களுக்கு இது பெரிய உதவி. எத்தனை முறை தப்பாகச் சொன்னாலும் சலிக்காது, கேலி செய்யாது.

ஆனால் அது மிகவும் இணக்கமானது. நீங்கள் உடைந்த வாக்கியம் சொன்னாலும் பொருளை ஊகித்துக்கொண்டு உரையாடலை நகர்த்திவிடும். நேரில் ஒருவர் "என்ன சொன்னீர்கள்?" என்று முகம் சுருக்கும் அந்தத் தருணம் வராது. அதனால் நீங்களே விதி போட்டுப் பேசுங்கள்: பத்து வாக்கியம் முடிந்ததும் என் பிழைகளில் முக்கியமான மூன்றை மட்டும் சொல், விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடு, நான் திருத்திய பிறகு சரியா என்று பார். எழுதிய கட்டுரையை முழுசாகத் திருத்திக் கொடு என்று கேட்டு வாங்கினால் அழகான கட்டுரை கிடைக்கும், கற்றல் நடக்காது.

இலக்கண விளக்கத்தில் அது தவறாகவும் அதே உறுதியோடு பேசும். இணையத்தில் குறைவாக எழுதப்பட்ட மொழிகளில் இந்தப் பிரச்சினை கூடுதல். ஒரு விதி புதிதாகத் தெரிந்தால் இலக்கண நூலில் ஒருமுறை சரிபாருங்கள். அந்தரங்கமான விவரங்களை அதனிடம் கொட்ட வேண்டாம்.

மொழிபெயர்ப்புக் கருவியைப் பயன்படுத்துவது தப்பா?

தப்பில்லை, வரிசைதான் முக்கியம். முதலில் நீங்கள் எழுதுங்கள், பிறகு கருவியிடம் கேளுங்கள், அப்புறம் இரண்டையும் ஒப்பிடுங்கள். முதலிலேயே அதைக் கேட்டால் நினைவிலிருந்து இழுக்கும் வேலையை அது செய்துவிடும்.

பேசிப் பழக ஆள் இல்லை. எங்கே தேடுவது?

நீங்கள் கற்கும் மொழி பேசுகிறவர், உங்கள் மொழியைக் கற்க விரும்புகிறவர் என்று ஒருவரைச் சேர்த்து வைக்கும் ஆப்கள் இருக்கின்றன. டேண்டம், ஹலோடாக் இரண்டும் பலர் அறிந்தவை. பாதி நேரம் ஒரு மொழி, பாதி நேரம் மற்றது என்று கடிகாரம் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இருவரில் யாருடைய மொழி தடங்கலில்லாமல் வருகிறதோ அதிலேயே எல்லாம் நடக்கும்.

அறிமுகமில்லாதவர் என்பதால் முகவரி, வேலை செய்யும் இடம், பண விவரம் எதையும் சொல்லாதீர்கள். மொழியை விட்டுப் பேச்சு வேறு பக்கம் திரும்பினால் தயங்காமல் துண்டித்துவிடுங்கள்.

அப்படியானால் ஆசிரியர் தேவையே இல்லையா?

தேவை. உங்கள் பழக்கமாகிப்போன பிழையை உங்களுக்கு எடுத்துக் காட்டுவதும், இப்போது எதைப் படிக்காமல் விடலாம் என்று சொல்வதும் நல்ல ஆசிரியர்தான் செய்ய முடியும். தினமும் முடியாவிட்டாலும் மாதத்தில் ஓரிரு முறை இணைய வகுப்பு வைத்துக்கொண்டாலே பாதை நேராகும்.

குறைவான பேர் பேசும் மொழிகளுக்கு இதனால் நன்மை உண்டா?

உண்டு. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இது. 1994-லேயே ஹவாய் மொழிப் பள்ளிகளுக்காக லியோகி என்ற கணினி வலையமைப்பை முழுக்க ஹவாய் மொழியிலேயே அமைத்தார்கள். பிள்ளைகள் திரையைத் திறந்தால் தங்கள் மொழி. மொழி கற்பிக்கும் ஆப்பான டுவோலிங்கோவில் 2018-இல் ஹவாய் மொழிக்கும், அமெரிக்கப் பழங்குடி மொழியான நவஹோவுக்கும் பாடங்கள் வந்தன. ஃபயர்பாக்ஸ் உலாவியைத் தரும் மோசில்லா 2017-இல் தொடங்கிய காமன் வாய்ஸ் திட்டத்தில் யார் வேண்டுமானாலும் வாக்கியங்களை வாசித்துத் தங்கள் குரலைக் கொடுக்கலாம், மற்றவர் வாசித்ததைச் சரிபார்க்கலாம். தமிழும் அதில் இருக்கிறது. பேச்சைப் புரிந்துகொள்ளும் கருவிகள் ஒரு மொழிக்கு வர வேண்டுமானால் இப்படிப் பலர் குரல் சேர வேண்டும்.

பாடம் இருப்பதால் மட்டும் மொழி பிழைத்துவிடாது. வீட்டில் பேச வேண்டும். ஆனால் ஊரை விட்டு, நாட்டை விட்டுப் போன குடும்பத்தின் பிள்ளை தன் தாத்தாவின் மொழியைத் தேடினால் முன்பு ஒன்றும் கிடைக்காது, இப்போது ஏதோ கிடைக்கிறது. உங்கள் வட்டார வழக்கில் பேசும் பெரியவர்கள் இருந்தால், அவர்கள் சம்மதத்தோடு பதிவு செய்து வையுங்கள்.

போனின் மொழியையே மாற்றிவிடலாமா?

கற்கும் மொழியில் இடைநிலை அளவுக்கு வந்த பிறகு மாற்றலாம். அதற்கு முன் மாற்றினால் அவசரத்துக்கு எதுவும் கண்டுபிடிக்க முடியாமல் திண்டாடுவீர்கள்.

ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான் கிடைக்கிறது. எப்படிப் பிரிப்பது?

முதல் எட்டு நிமிடம் பழைய அட்டைகள். அடுத்த பன்னிரண்டு நிமிடம் எழுத்தோடு கூடிய ஒரு சின்ன ஆடியோ அல்லது வீடியோ: ஒருமுறை எழுத்தில்லாமல், ஒருமுறை எழுத்தோடு, மறுபடி எழுத்தில்லாமல். மிச்சப் பத்து நிமிடம் நீங்கள் பேச வேண்டும் அல்லது எழுத வேண்டும். கேட்டதைச் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்வது போதும்.

களைப்பாக இருக்கும் நாளில் எல்லோரும் முதலில் கைவிடுவது அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தைத்தான். முடியாத நாளில் மற்ற இரண்டையும் விட்டுவிட்டு அதை மட்டும் செய்யுங்கள். வாரத்தில் ஒருநாள் அந்த அரை மணி நேரம் முழுவதையும் ஒரு மனிதரோடு பேசுவதற்கே ஒதுக்கிவிடுங்கள்.